துக்காம்பாளையத் தெருவில் யமுனா வீட்டைத் தேடிப் போனவன் கேட்கிறேன்: எழுத்தாளரை ஊர்தான் உண்டாக்குகிறதா?

அரசலாற்றங்கரை | சனி, இரவு 9.40

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தேன். முகூர்த்தம் காலை ஆறரைக்கே முடிந்துவிட்டது. ரயிலோ ராத்திரிதான். நடுவில் கிடந்த பகலை என்ன செய்வது? பையில் தி. ஜானகிராமனின் (தி.ஜா.) மோகமுள் நாவல் இருந்தது. நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சரி, அதில் யமுனா குடியிருக்கும் துக்காம்பாளையத் தெருவைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

தெரு இருக்கிறது. யமுனா வீடு இருக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு திண்ணை, ஓட்டுச் சாய்ப்பு, வாசலில் ஒரு பித்தளைச் சொம்பு, இப்படி எதையோ மனசு எதிர்பார்த்தது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "ஜானகிராமன் கதையில் வருகிற வீடு இந்தத் தெருவில்தானே?" என்று கேட்டேன். "எந்த ஜானகிராமன், கண் டாக்டரா?" என்றார். அத்தோடு காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஆனால் கேள்வி விடவில்லை. எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தி 1900இல் அந்த ஊரில் பிறந்தார். கு.ப. ராஜகோபாலன் (கு.ப.ரா.) 1902இல். எம்.வி. வெங்கட்ராம் 1920இல். மௌனி அங்கே பல வருஷம் இருந்தார். கரிச்சான் குஞ்சு கடைசிக் காலத்தில் அங்கேதான். தி.ஜா. அங்கே கல்லூரியில் படித்தார். ஒரே ஊருக்கு இது கொஞ்சம் அதிகம் இல்லையா? காவிரித் தண்ணீர், கோயில் மணி, சங்கீதம், அந்தச் சாவகாசம் எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஒரு எழுத்தை விளைவித்தன என்று நான் நினைக்கிறேன். தஞ்சாவூர் மண்ணில் நெல் விளைகிற மாதிரி. உங்கள் அபிப்பிராயம்?

பாவடித்தெரு | சனி, இரவு 10.25

அரசலாற்றங்கரை சார், நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். சௌராஷ்டிரக் குடும்பம். நீங்கள் சொல்லும் காவிரி, கோயில், சங்கீதம், சாவகாசம் எல்லாம் இருந்ததுதான். எங்கள் தெருவில் இல்லை.

எங்கள் தெருவில் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்கும் நெசவுக்கான நெடுக்கு நூல். சைக்கிளில் யாரும் குறுக்கே வரமுடியாது. பாவு நீட்டத் தோதாகத் தெரு நேராகவும் நீளமாகவும் வேண்டும். வீட்டுக்குள்ளே தரையில் குழி, குழிக்குள் கால், எதிரே தறி. எங்கள் தாத்தா ஒரு நாளில் பெரும்பகுதி இடுப்புவரை பூமிக்குள் இருந்தார் என்றே சொல்லலாம். காவிரி நடந்துபோகும் தூரம்தான். பார்க்க நேரம்தான் கிடையாது. முதலாளி வீட்டிலிருந்து பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து, நெய்து கொடுத்து, கூலியில் முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாங்கினால் அரிசிக்கு ஆயிற்று.

இதே கும்பகோணத்தைத்தான் எம்.வி.வி. 'வேள்வித் தீ' நாவலில் எழுதினார். நீங்கள் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அவர் எழுதிய ஊரை விட்டுவிட்டீர்கள். ஊர் ஒன்றாக இருந்து எழுத்து இரண்டாக இருந்தால், எழுத்தை உண்டாக்கியது எது? என்னைக் கேட்டால், ஊர் என்று ஒன்று கிடையாது. தெருதான் உண்டு.

மொட்டைமாடி | சனி, இரவு 10.31

டிகிரி காபிதான் காரணம் என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தேன். பாவடித்தெரு வந்து கெடுத்துவிட்டார். 😀

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, காலை 6.15

ராத்திரி ஒன்பதுக்கே தூங்கிவிடுகிற ஆள் நான். இப்போதுதான் பார்த்தேன்.

காவிரித் தண்ணீர்க் கதையை எனக்கும் நம்ப முடியவில்லை. அதே தண்ணீர் திருச்சிக்கும் போகிறது, மாயவரத்துக்கும் போகிறது. கும்பகோணத்தில் மட்டும் என்ன கூடுதல் என்று பார்க்கவேண்டும்.

முதலில் கல்லூரி. 1854இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெருமையாகச் சொல்வார்கள். ராமானுஜனுக்கு உதவித்தொகை கொடுத்து, கணக்கைத் தவிர மற்றதில் தேறவில்லை என்று அதைப் பறித்ததும் அதே கல்லூரிதான். (கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது.) ஒரு நடுத்தர ஊரில் மூன்று தலைமுறைப் பையன்கள் ஷெல்லியையும் கீட்ஸையும் வகுப்பில் படித்துவிட்டு, சாயங்காலம் ஆற்றங்கரை மணலில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். படித்த அத்தனை பேருக்கும் ஊரில் வேலை இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், இல்லாவிட்டால் மெட்ராஸ். கு.ப.ரா.வே வருவாய்த் துறையில் மேலூர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். கண்பார்வை கெட்டு வேலையை விட்டுக் கும்பகோணம் திரும்பினார். அப்போது அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். பிறகு அந்த அம்மாளும் கதாசிரியர் ஆனார். படிப்பு நிறைய, சம்பளம் குறைச்சல், பொழுது அதிகம். நீங்கள் 'சாவகாசம்' என்று சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சார்.

இரண்டாவது ரயில். கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸிலிருந்து தந்தி வருகிறது, கணவர் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று. மனைவியும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலில் கிளம்புகிறார்கள். கதை முழுக்க அந்த ஒரு ராத்திரிதான். தந்தி சட்டென்று வந்துவிடுகிறது. ஆள் போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகிறது. இந்த இடைவெளிக்குள்தான் அவர் மொத்தக் கதையையும் வைத்திருக்கிறார். கும்பகோணம் மெட்ராஸிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்திருந்தால் அந்தக் கதை இல்லை. மூன்று நாள் தூரத்தில் இருந்திருந்தாலும் இல்லை. ஊர் எழுத்தாளரை உண்டாக்குகிறது என்றால் இப்படித்தான் உண்டாக்கியிருக்க முடியும். மணமும் குணமும் பற்றி எனக்குத் தெரியாது. தூரம் தெரியும்.

அரசலாற்றங்கரை | ஞாயிறு, காலை 9.05

வாத்தியார் சார், 'விடியுமா?' நான் மூன்று தடவை படித்த கதை. அதை இப்படி யோசித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பாவடித்தெரு சொன்னதில் எனக்கு ஒரு சங்கடம். தெருவுக்குத் தெரு இலக்கியம் என்று பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஆளுக்கு ஆள் என்று வந்து நிற்கும். அப்புறம் பேச எதுவும் மிச்சமிருக்காது. கு.ப.ரா.வின் கதைகளில் ஆணும் பெண்ணும் சொல்லாமல் விடுவதை தி.ஜா.வும் பிடித்துக்கொண்டார். எம்.வி.வி. எழுத்திலும் அது உண்டு. மூன்று பேருக்கும் பொதுவான ஏதோ ஒன்று அந்த ஊரில் இருந்திருக்கிறது.

இன்னொன்று. மோகமுள் முழுக்கக் கும்பகோணம்தான், ஆனால் 1950களில் அது சுதேசமித்திரனில் தொடராக வந்தபோது தி.ஜா. அந்த ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. பிறகு வானொலி வேலையில் சென்னை, டில்லி. அவர் ஊரை எழுதியதே ஊரை விட்டு வந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளேயே இருந்தால் கண்ணில் படாது.

பாளை பேச்சி | ஞாயிறு, காலை 9.50

அண்ணாச்சிமாரே, கும்பகோணத்துக்காரங்களுக்குத்தான் பேச உரிமையா? நானும் உள்ளே வாரேன்.

பாவடித்தெரு அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் பாளையங்கோட்டையில் இதற்கு நிரூபணமே இருக்கிறது. வண்ணநிலவன் 'ரெயினீஸ் ஐயர் தெரு' என்று ஒரு நாவல் எழுதினார், 1981இல் வந்தது. சின்னப் புத்தகம். ஒரே தெரு. பெரிய கதை என்று ஒன்றும் கிடையாது. எதிர்வீட்டில் விளக்கு எரிவதும், யாரோ யாரையோ பார்ப்பதும், மழை பெய்வதும்தான். ரெயினீஸ் ஐயர் என்றால் நம்மூர் ஐயர் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். அந்தக் காலத்தில் பாதிரியார்களையும் ஐயர் என்றுதான் கூப்பிட்டார்கள். இப்படி ஒரு பெயரோடு ஒரு தெரு வேறு எந்த ஊரில் இருக்கும்? கொஞ்ச தூரம் தள்ளி ஆற்றுக்கு மேற்கே திருநெல்வேலி டவுன். அங்கே நெல்லையப்பர் கோயில், ரத வீதிகள். வண்ணதாசன் கதையும் கலாப்ரியா கவிதையும் அந்தப் பக்கத்து ஆட்கள். நடுவில் ஓடுவது அதே தாமிரபரணி, ஒரு பாலம்தான் தாண்டவேண்டும். டவுன் எழுத்துக்கு ஒரு வாடை, பாளை எழுத்துக்கு வேறு வாடை. எங்கள் ஆச்சிக்கு இரண்டு பக்கத்துக் குழம்பையும் மூடியைத் திறக்காமலே பிரித்துச் சொல்லத் தெரியும். அந்த மாதிரி.

ஒரு தெருவில் ஒரு நாவலை முடித்துக் காட்டியவர் இருக்கும்போது ஊர் எதற்கு வே?

மொட்டைமாடி | ஞாயிறு, காலை 10.02

மோகமுள்ளை மட்டும் பார்த்தால்கூடத் தெரு என்ன, சுவர்தான் காரணம். பக்கத்து வீட்டுத் தங்கம்மா நாயகன் பாபுவிடம் வருகிற பகுதியை நினைத்துப் பாருங்கள். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டாத ஊராக இருந்தால் அவள் குரல் இவனுக்குக் கேட்டிருக்காது, இவன் பாட்டு அவளுக்குக் கேட்டிருக்காது. சுற்றி மதில் கட்டி நடுவில் பங்களா என்றால் நாவலில் அந்தப் பகுதியே கிடையாது.

இந்தத் தடவை ஜோக் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

குடமும் வரிசையும் | ஞாயிறு, மதியம் 1.20

சென்னையிலிருந்து ஒரு குரல். ஊர் என்றாலே ஏன் எல்லோரும் ஆறு, கோயில் என்றே பேசுகிறீர்கள்? ஊரில் இருப்பது மட்டும்தான் எழுத்தை வளைக்குமா? இல்லாததும் வளைக்கும்.

அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பா போன பிறகு 1952இல் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை. அவர் எழுதிய 'தண்ணீர்' 1973இல் புத்தகமாக வந்தது. அதில் சென்னை எப்படி வருகிறது? மெரினா இல்லை, சென்ட்ரல் கோபுரம் இல்லை. அடிபம்பு, குடம், தோண்டிப் போட்ட தெரு, ஒண்டுக் குடித்தனம். அக்கா ஜமுனாவும் தங்கை சாயாவும் ஒரு குடம் தண்ணீருக்காக யார் வீட்டுப் படி ஏறுகிறார்கள், யாரிடம் என்ன பேச்சு வாங்குகிறார்கள் என்பதுதான் ஊர். நான் அதை 2019 ஜூனில் மறுபடி படித்தேன். ஏரிகள் வறண்டு, எங்கள் தெருவில் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்துக் கடை நிழலில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இரண்டு பேர் குடத்தை நகர்த்தியது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாவலில் படித்துக்கொண்டிருந்தேனா நேரில் கேட்டேனா என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போனது.

அவருடைய வாக்கியத்தையும் பாருங்கள். எங்கேயும் ஒரு சொல் சிந்தாது. தண்ணீர் அளந்து புழங்கும் வீட்டுப் பாத்திரம் கழுவுவது மாதிரி. இது நானாகச் சொல்வது. ஆனால் தி.ஜா.வின் வாக்கியம் ஏன் அப்படித் தளும்புகிறது, இவருடையது ஏன் இப்படி வற்றிக் கிடக்கிறது என்று யோசித்தால், ஆற்றங்கரைக்காரர் ஒருவர், வாடகை வீட்டுக்காரர் ஒருவர் என்றுதான் எனக்குப் பதில் வருகிறது.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2.00

அம்மா, உவமை அழகாக இருக்கிறது. ஆனால் நிற்காது. மௌனியும் காவிரிப் பக்கத்து ஆள்தான். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள். வாக்கியம் தளும்பவும் இல்லை, வற்றவும் இல்லை. மூடுபனி மாதிரி இருக்கும். அவர் கதையில் பெரும்பாலும் ஊருக்குப் பெயரே கிடையாது. ஒரு கோயில், ஒரு பிராகாரம், ஒரு இருட்டு, ஒரு பாட்டு. அது கும்பகோணமா, சிதம்பரமா, அவர் மனசா? வாசகர்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அரசலாற்றங்கரை சொல்லும் 'பொதுவான ஏதோ ஒன்று', தெரு என்கிற வாதம் எல்லாம் மௌனியிடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்கும்.

குடமும் வரிசையும் | ஞாயிறு, மதியம் 2.12

பெயர் சொல்லாததாலேயே ஊர் இல்லை என்றாகிவிடுமா சார்? வெளிச்சத்திலிருந்து பிராகாரத்துக்குள் போனால் கண் தெரிவதற்கு ஒரு நிமிஷம் ஆகும் இல்லையா, அந்த ஒரு நிமிஷத்தில் அவர் கதை நடக்கிறது. கல் மண்டபம் இல்லாத ஊரில் வளர்ந்தவருக்கு அது வந்திருக்காது. உவமை நிற்காது என்றீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டேன்.

கீழத்தஞ்சை | ஞாயிறு, மாலை 5.45

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று கேட்கட்டுமா? கும்பகோணம் சாப்பிட்ட அரிசி எங்கே விளைந்தது?

அந்த ஊரைச் சுற்றி ஐந்து மைல் போனால் வயல். வயலில் சேற்றில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் இருக்கும் ஊரிலிருந்துதான் உங்கள் பட்டியலில் உள்ளவர்களில் சிலருக்குக் குத்தகை நெல் வந்தது. உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் எழுதிய பக்கங்களில் அந்தச் சனங்கள் எத்தனை பக்கம்? வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள், தேங்காய் பறித்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் கூலி கேட்டுப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்துபோனார்கள். அன்றைய தஞ்சாவூர் ஜில்லாதான். அதை நாவலாக எழுதியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் இந்திரா பார்த்தசாரதி. கும்பகோணத்தில் வளர்ந்து, டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1975இல் 'குருதிப்புனல்'. அந்த நாவலைப் பற்றி எனக்குச் சண்டை உண்டு. பண்ணையார் கொலைகாரன் ஆனதற்கு அவனுடைய ஆண்மைக் குறையைக் காரணமாகக் கொண்டுவந்தது கூலிப் போராட்டத்தைச் சின்னதாக்கிவிட்டது என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் எழுதினார்.

ஊர் ஒருவருக்குக் கண்ணைக் கொடுக்கிறது என்கிறீர்கள். எதைப் பார்க்கவேண்டாம் என்பதையும் ஊர்தான் சொல்லிக்கொடுக்கிறது. எந்தத் தெரு வழியாக யார் நடக்கலாம் என்று இருந்த காலத்தில், நடக்காத தெரு கதையிலும் வராது. பாவடித்தெரு நண்பர் சொன்ன 'தெரு'வுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

அரசலாற்றங்கரை | ஞாயிறு, மாலை 6.30

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு விஷயம் மட்டும். கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' படித்திருக்கிறீர்களா? 1978. வேதமும் சமஸ்கிருதமும் படித்த மனிதர் எழுதியது. குஷ்டம் வந்த ஒருவன் ஊர் ஊராக அலைவதும், அவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதும்தான் பாதி நாவல். நீங்கள் சொன்ன குறை அதனால் தீர்ந்துவிடாது. ஆனால் அக்ரகாரத்திலிருந்து வந்தவர் எல்லோரும் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன்.

கீழத்தஞ்சை | ஞாயிறு, மாலை 6.41

படித்திருக்கிறேன். பெரிய நாவல். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

நல்லூரடி | ஞாயிறு, இரவு 8.15

வணக்கம். நான் யாழ்ப்பாணம். உங்கள் கதை சுவையாக இருந்தபடியால் வாசித்துக்கொண்டு வந்தேன்.

கீழத்தஞ்சை கேட்டதற்கு எங்கட பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா. சாதி காரணமாகப் பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டுப் படிப்பை விட்டு, தகப்பனின் சலூனில் முடி வெட்டப் போனவர். அந்தச் சலூனுக்குப் பேப்பர் வரும், புத்தகம் வரும், கட்சிக்காரர் வருவினம், எழுத்தாளர் வருவினம். கும்பகோணத்துக்கு ஆற்று மணல் எப்படியோ, யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்துக்கு அந்தக் கதிரை (நாற்காலி) அப்படி. அங்கேயிருந்துதான் 1966இல் 'மல்லிகை' தொடங்கினார். கையிலே இதழ்களைக் கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தானே விற்றவர். அதே காலத்தில் கே. டானியல் 'பஞ்சமர்' நாவல் எழுதினார். இரண்டு பேரும் அதே யாழ்ப்பாணத்தில்தான் இருந்தவை. ஊர்ப் பெருமை பேசுகிற ஆட்களுக்கு அந்த யாழ்ப்பாணம் கண்ணிலே படாது.

ஆகவே ஊர் எழுத்தாளரை உண்டாக்கும், ஓம். சில வேளை கதவைச் சாத்தியும் உண்டாக்கும்.

பாளை பேச்சி | ஞாயிறு, இரவு 8.40

சலூன் கதை அருமை. எங்கள் ஊரில் அந்த வேலையை டீக்கடை பெஞ்சு பார்த்தது. இன்றைக்கு அதையும் காணோம். எல்லோரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கோம், ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு.

பாவடித்தெரு | ஞாயிறு, இரவு 10.10

கடையை அடைத்துவிட்டு இப்போதுதான் வந்தேன். அரசலாற்றங்கரை சாருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஊரை விட்டுப் போனவர்தான் ஊரை எழுதமுடியும் என்றார். அதைப் பற்றி.

எம்.வி.வி. போகவில்லை. பதினாறு வயதில் மணிக்கொடி பத்திரிகையில் கதை வந்தது. பையனுக்கு எழுத்துப் பைத்தியம், வீட்டில் ஜரிகை வியாபாரம். 1948 வாக்கில் 'தேனீ' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார், கும்பகோணத்திலிருந்தே. கரிச்சான் குஞ்சு உடன் இருந்தார். பணம் போயிற்று. பிறகு பிழைப்புக்காகக் குழந்தைகளுக்குத் தலைவர்கள் வாழ்க்கை வரலாறு வரிசையாக எழுதிக்கொடுத்தார். நான் பள்ளிக்கூட லைப்ரரியில் அவற்றில் நாலைந்து படித்திருக்கிறேன், அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதே தெரியாமல். வியாபாரிக்கு ஊரை விட்டுப் போவது சுலபம் இல்லை சார். சம்பளக்காரருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டலாம். எங்கள் தொழிலில் கடன் கொடுத்தவனும் ஊரில், கடன் வாங்கியவனும் ஊரில். போனால் ஓடிப்போனான் என்பார்கள்.

அப்படி இருந்தவர் 'காதுகள்' நாவல் எழுதினார். 1992இல் வந்தது, அடுத்த வருஷம் சாகித்ய அகாதெமி விருது. காதுக்குள் ஓயாமல் குரல் கேட்கும் ஒரு மனிதன். ஆபாசமாக, கேலியாக, மிரட்டலாக, ராத்திரி பகல் கிடையாது. அவர் தன் அனுபவம் என்றே சொன்னார். அதைப் படித்துவிட்டு எங்கள் அப்பா ஒன்று சொன்னார்: "தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்குச் சத்தம் நிற்கிற நேரம்தான் பயம்." அப்பா இலக்கிய விமர்சகர் இல்லை. ஆறாவதுவரை படித்தவர். தறி நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிற சத்தம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்கும். அது நின்றால் வேலை இல்லை என்று அர்த்தம். அப்பா சொன்னது சரியா என்று எனக்கும் உறுதியில்லை. நோயை ஊரோடு முடிச்சுப் போடுவது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஊரை விட்டுப் போனவருக்கு மோகமுள் மாதிரி ஒரு ஊர் கிடைத்தது. போகாதவருக்கு ஊர் காதுக்குள்ளே வந்துவிட்டது. அவ்வளவு தூரம் எனக்குத் தெரியும்.

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், எழுதியது தமிழ். தி.ஜா.வின் பாத்திரங்கள் பேசுவதை அவர் காதால் கேட்டு எழுதினார். எம்.வி.வி. தன் ஜனங்கள் பேசியதை ஒவ்வொரு வரியும் மொழிபெயர்த்துத்தான் எழுதியிருக்கவேண்டும். அதனால்தானோ என்னவோ அவருடைய உரையாடல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அங்கேதான் எங்கள் வீடு தெரிகிறது.

கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 6.05

இந்த உரையாடல் விஷயம் எனக்கு இவ்வளவு நாளும் தோன்றியதில்லை. 'வேள்வித் தீ'யை மறுபடி எடுக்கப் போகிறேன். தூரம், ரயில் என்று சொன்னேன். பாஷையும் ஒரு தூரம்தான் போலிருக்கிறது.

உபரியாக ஒரு தகவல். ராமானுஜனின் அப்பா புடவைக் கடைக் குமாஸ்தா. சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டில் ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அப்பா கடையில் புடவைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாவடித்தெருக்காரர் தாத்தாவின் தாத்தா நெய்த புடவையும் அந்தக் கணக்கில் இருந்திருக்கலாம். தெருக்கள் தனித்தனி என்றாலும் கல்லாப்பெட்டி ஒன்றாகத்தானே இருந்தது.

கீழத்தஞ்சை | திங்கள், காலை 7.30

கல்லாப்பெட்டி ஒன்று. சாவி யாரிடம்?

மொட்டைமாடி | திங்கள், காலை 7.33

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஆபீஸ் போகிறேன்.

அரசலாற்றங்கரை | திங்கள், இரவு 9.15

மூன்று நாளாக இதே யோசனை. முதல் பதிவில் நெல் விளைகிற மாதிரி எழுத்து விளைந்தது என்று எழுதியிருந்தேன். திருத்தும் வசதி இருக்கிறது. திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும். நெல்லே தானாக விளையவில்லை என்று கீழத்தஞ்சை சொன்ன பிறகு அந்த வரியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் மோகமுள்ளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாபு பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவிடம் பாட்டுக் கேட்கும் பக்கங்கள் ஒரு தெருவின் சொத்தாகவே இருந்தாலும் இருக்கட்டும், அந்தத் தெருவில் பிறக்காத எனக்கு அவை எப்படி வந்து சேர்ந்தன என்பதற்கு இங்கே யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. (நான் திண்டுக்கல்காரன். பெயரைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள்.)

பாவடித்தெரு, அடுத்த மாதம் மறுபடி கும்பகோணம் வரவேண்டியிருக்கிறது. உங்கள் தெருவுக்கு வந்தால் தறியைப் பார்க்க முடியுமா?

பாவடித்தெரு | திங்கள், இரவு 10.50

தாராளமாக வாருங்கள். தறியைப் பார்க்கவேண்டுமென்றால் தாராசுரம் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கே இன்னும் நெய்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா காலத்தோடு நின்றுவிட்டது. குழியை மண் போட்டு மூடி மேலே சிமெண்ட் பூசி, அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறோம். மண் சரியாக அமுங்கவில்லை போல, ஒரு பக்கம் தரை இறங்கிவிட்டது. ஃபிரிட்ஜ் ஆடுகிறது என்று அம்மா புடவைப் பெட்டி அட்டையை நாலாக மடித்துக் கீழே கொடுத்திருக்கிறாள்.